தூணைத் தொடாத அத்திவாரம்

மட்டக்களப்பு வாவியோரத்துத் தாழ்நிலத்தில் வீடு கட்டுபவர் முதலில் செய்வது கிறவல் கொட்டி நிலத்தை உயர்த்துவதுதான். வெள்ளத்துக்கு அது வேண்டும். ஆனால் ஒரு மீற்றர் உயரக் கிறவல் சதுர மீற்றருக்குக் கிட்டத்தட்ட இரண்டு தொன் எடை. மாடி வீட்டின் ஒரு தளத்துக்கு அது குறையாது. முதல் கல் வைக்கும் முன்பே அடியிலுள்ள களி இறங்கத் தொடங்கிவிடும். களிக்குள் இருக்கும் நீர் மெல்லத்தான் கசியும். அதனால் இறக்கம் வருடக்கணக்கில் நீளும். களி எங்கும் ஒரே தடிப்பில் இருப்பதில்லை. ஒரு மூலை கூடுதலாக இறங்க, சுவர் வெடிக்கும்.

பைல் என்னும் கம்பி போட்ட ஆழத் தூணை இறக்கி, அதன் தலையை அத்திவாரத்தோடு கம்பியால் கட்டி, முழுச் சுமையையும் அதில் ஏற்றிவிடலாம். செலவு பெரிது. இரண்டு மூன்று மாடிக் கட்டடத்துக்கு இன்னொரு வழி உண்டு. கம்பியில்லாத கொங்கிறீற்றுத் தூண்களைக் களியை ஊடுருவி உறுதியான மண் படை வரை இறக்குவது. 35 சென்ரிமீற்றர் விட்டத் தூண்களை 1.8 மீற்றருக்கு ஒன்றாக வைத்தால், அவை பிடிக்கும் இடம் பரப்பில் நூற்றுக்கு மூன்று பங்குதான்.

இந்த முறையின் உயிர், தூண் அத்திவாரத்தைத் தொடாமல் இருப்பதில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே அரை மீற்றர் அளவில் நன்றாக இறுக்கிய சல்லி மெத்தை. மேலே சுமை வந்ததும் தூண்களுக்கு இடைப்பட்ட களி தாழும், தூணின் தலை அந்தளவு தாழாது. நெல் ஆலைத் தொட்டியின் வாயில் நெல் சிலவேளை விழாமல் அடைத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மணிகள் ஒன்றையொன்று நெருக்கி வளைவு கட்டி, எடையைப் பக்கச் சுவர்களில் சாய்த்துவிடுகின்றன. சல்லியும் அப்படியே வளைவு கட்டி, எடையைத் தூண் தலைகளில் சாய்க்கிறது. மிச்சத்தைக் களி சுமக்கிறது.

தூணுக்கும் அத்திவாரத்துக்கும் கம்பி கட்டினால் பலம் கூடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். கட்டினால் வளைவுக்கு வேலையே இல்லை. கட்டடம் காற்றிலோ அதிர்விலோ பக்கவாட்டில் அசையும்போது, வளைவதற்கென்று செய்யப்படாத அந்தத் தூணின் தலை முறியவும் கூடும்.

நிலத்துக்குள் நடப்பது இன்னும் நுட்பம். வாவிச் சேற்றில் ஊன்றிய கம்பை இழுத்துப் பாருங்கள்; சேறு விடாது. அதே பிடியால், தாழ்கிற களி தூணின் மேற்பகுதியைக் கீழே இழுக்கிறது. ஆகவே தூணின் சுமை தலையில் உச்சமில்லை. கீழே போகப் போகக் கூடுகிறது. ஓர் ஆழத்தில் களியும் தூணும் ஒரே அளவு இறங்கியிருக்கும். உச்சச் சுமை அங்கேதான். அதற்குக் கீழே பிடி திசை மாறித் தூணைத் தாங்குகிறது. எஞ்சியதை அடியிலுள்ள உறுதியான படை ஏற்கிறது. வடிவமைப்பவர் கொங்கிறீற்றின் வலுவைச் சரிபார்க்க வேண்டியது அந்த நடு ஆழத்தில். பிரான்சின் ‘அசிரி’ என்ற தேசிய ஆய்வுத் திட்டம் 2012இல் வெளியிட்ட வழிகாட்டல்கள் இந்தக் கணக்குகளைத்தான் விரிவாகச் சொல்கின்றன.

அதனால் துளையிட்டு மண் பார்க்காமல் இதைத் தொடங்கவே கூடாது. களியின் தடிப்பும் உறுதியான படையின் ஆழமும் தெரியாவிட்டால் கணக்கே இல்லை. கட்டி முடித்த பிறகும் மெத்தையைக் காக்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன் அத்திவாரத்தை ஒட்டி வடிகால் தோண்டினால், சல்லி பக்கவாட்டில் சரியும். சரிந்த சல்லியில் வளைவு நிற்காது.