மூன்று நிமிடம் கேட்டால் நேயர்: வானொலி அளவீட்டு மானிகள் எண்ணும் முறை

ஒருவர் காலை 8 மணி 11 நிமிடத்துக்குக் காரில் ஏறி வானொலியைப் போடுகிறார். 8:19-க்கு அலுவலகம் வந்ததும் அணைத்துவிடுகிறார். எட்டு நிமிடமும் ஒரே நிலையத்தைத்தான் கேட்டார். அமெரிக்காவின் பெருநகரங்களில் 2024 முடியும் வரை இருந்த விதியின்படி இந்த எட்டு நிமிடத்துக்காக அந்த நிலையத்தின் கணக்கில் எதுவும் ஏறியிருக்காது. 2025 ஜனவரிக் கணக்கெடுப்பிலிருந்து அதே எட்டு நிமிடம் இரண்டு கால்மணிகளாக, அதாவது அரை மணி நேரமாக எண்ணப்படுகிறது. கேட்டவரோ, அவர் எந்த நிலையத்தைக் கேட்கிறார் என்று பதிய அவர் கையில் கட்டியிருக்கும் மானியோ மாறவில்லை. எதைக் கேட்டல் என்று சொல்வது என்ற விதி மட்டுமே மாறியது.

விளம்பர வருவாயால் இயங்கும் வானொலியில் இந்த எண்களே விளம்பர நொடிகளின் விலையைத் தீர்மானிக்கின்றன. எந்த அறிவிப்பாளர் நீடிப்பார், எந்த இசைவகை ஒலிபரப்பில் இருக்கும் என்பதையும் பெரும்பாலும் அவையே முடிவு செய்கின்றன. ஆகவே எண் எப்படி உண்டாகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் எண்ணை மட்டும் படிப்பது போதாது என்பது என் உறுதியான எண்ணம்.

வானொலி நேயர்களை இயந்திரத்தால் எண்ணும் ஆசை பழையது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் எல்டர், லூயிஸ் உட்ரஃப் என்ற இரு பேராசிரியர்கள் உருவாக்கிய ஆடிமீட்டர் என்ற கருவியை ஏ. சி. நீல்சன் என்ற அளவீட்டு நிறுவனம் 1936-இல் வாங்கி, 1942-இல் அதைக் கொண்டு முறையான சேவையைத் தொடங்கியது. வானொலிப் பெட்டியோடு இணைக்கப்பட்ட அந்தக் கருவி, பெட்டி எந்த அலைவரிசையில் எவ்வளவு நேரம் இருந்தது என்று பதிவு செய்தது. பெட்டியின் முன்னால் யார் இருந்தார்கள் என்று அதற்குத் தெரியாது. வீட்டுக்கு ஒரு பெட்டி என்ற காலத்தில் இந்தக் குறை பொறுக்கத்தக்கதாக இருந்தது. டிரான்சிஸ்டரும் கார் வானொலியும் வந்து, கேட்பது தனித்தனி ஆட்களின் செயலாக மாறியதும் பெட்டியை அளப்பதில் பொருள் இல்லாமல் போயிற்று.

அந்த இடத்தைக் காகிதக் குறிப்பேடு பிடித்தது. ஆர்பிட்ரான் நிறுவனம் 1960-களின் நடுவிலிருந்து, தேர்ந்தெடுத்த மக்களுக்கு ஒரு சிறு குறிப்பேட்டை அனுப்பி, ஒரு வாரம் தாங்கள் கேட்டவற்றை நேரத்தோடு எழுதித் தரும்படி கேட்டது. நாள் கால்மணிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒரு கால்மணிக்குள் ஐந்து நிமிடமாவது கேட்டிருந்தால் அந்தக் கால்மணி முழுதும் நிலையத்தின் கணக்கில் சேர்ந்தது. ஐந்து நிமிட விதியின் பிறப்பிடம் இதுதான். நினைவிலிருந்து எழுதுபவர்கள் ஏழு மணி, ஏழரை மணி என்று முழுமைப்படுத்தியே எழுதுவார்கள்; வழக்கமாகக் கேட்கும் நிலையத்தின் பெயரை, கேட்காத நேரத்துக்கும் சேர்த்து எழுதிவிடுவார்கள்; கடையிலும் வரவேற்பறையிலும் காதில் விழுந்த நிலையத்தை எழுதவே மாட்டார்கள். குறிப்பேடு அளந்தது காதையும் நினைவையும் கலந்துதான். அதில் நினைவின் பங்கு பெரியது.

இதற்கு மாற்றாக ஆர்பிட்ரான் உருவாக்கிய கையடக்க மானி, ஆங்கிலச் சுருக்கத்தில் பிபிஎம், 1990-களின் இறுதியில் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் சோதிக்கப்பட்டு, 2007-இல் ஹூஸ்டனிலும் பிலடெல்பியாவிலும் அதிகாரபூர்வ அளவீட்டுக் கருவியாகி, 2010 முடிவதற்குள் அமெரிக்காவின் 48 பெரிய வானொலிச் சந்தைகளுக்கு, அதாவது நகர்ப் பகுதிகளுக்கு, பரவியது. பார்வைக்குப் பழைய பேஜரைப் போன்றது. மாதிரிக் குழுவில் சேர்ந்த ஒருவர், ஆறு வயதுச் சிறுவர்கள் உட்பட, அதை நாள் முழுதும் இடுப்பில் மாட்டிக்கொண்டு, இரவில் அதற்கான தாங்கியில் வைத்துவிடுவார். தாங்கி அன்றைய பதிவை அனுப்பிவிடும். மானியை மேசையில் போட்டுவிட்டுப் போனால் தெரிந்துவிடும், ஏனெனில் அதில் அசைவை உணரும் கருவி ஒன்றும் இருந்தது. பெரியவர் ஒருவர் குறைந்தது எட்டு மணி நேரம் அதை உடன் வைத்திருந்தால்தான் அந்த நாளின் பதிவு கணக்கில் சேரும்.

மானி நாம் பேசுவதையோ பாட்டையோ பதிவு செய்வதில்லை. நிலையத்தின் ஒலியோடு கலந்து வரும், நம் காதுக்குக் கேட்காத ஓர் அடையாளக் குறியை மட்டுமே அது தேடுகிறது. ரூபாய்த் தாளில் நீர்க்குறி இருப்பதைப் போல, ஒலிக்குள் ஒலியாக அந்தக் குறி இருக்கிறது. அது எப்படிக் கேட்காமல் இருக்க முடியும் என்பதே இந்தத் தொழில்நுட்பத்தின் மிக அழகான பகுதி.

தாலி கட்டும் நொடியில் கெட்டிமேளம் முழங்குவது எதற்கென்று நமக்குத் தெரியும். அந்த நேரத்தில் யாராவது தும்மினாலோ, அபசகுனமாக ஒரு சொல் சொன்னாலோ அது காதில் விழக் கூடாது. தும்மலின் அதிர்வுகள் காற்றில் இருக்கத்தான் செய்கின்றன; நம் காதுதான் அதைப் பிரித்தறிய முடியாமல் போகிறது. ஒலியியலில் இதை மறைப்பு என்பார்கள். உட்காதில் நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் காக்லியாவில் ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் ஓரிடம் உண்டு. அருகருகே உள்ள அதிர்வெண்கள் அருகருகே உள்ள இடங்களை அதிரச் செய்கின்றன. ஆகவே ஓர் உரத்த சுரம் ஒலிக்கும்போது, அதை ஒட்டிய குறுகிய பட்டைக்குள் வரும் மெல்லிய சுரம் கேட்காமல் போகிறது. வெகு தொலைவில் உள்ள சுரத்தை அது அவ்வளவாக மறைப்பதில்லை. மேளச் சத்தத்தையும் மீறி ஒரு விசில் கேட்டுவிடுவதன் காரணம் இதுதான்.

நிலையத்தில் பொருத்தப்படும் குறியேற்றிக் கருவி, ஒலிபரப்பாகும் நிகழ்ச்சியை இந்தப் பட்டைகளாகப் பிரித்துப் பார்க்கிறது. ஏறத்தாழ 1,000 ஹெர்ட்ஸ் முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரையிலான எல்லைக்குள், ஒவ்வொரு பட்டையிலும் நிகழ்ச்சியின் ஒலி எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று கணக்கிட்டு, அந்த வலுவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் அளவுக்கு மட்டும் ஒரு சுரத்தைச் சேர்க்கிறது. எந்தச் சுரங்கள் சேர்கின்றன என்பதில்தான் நிலையத்தின் அடையாளம் எழுதப்பட்டிருக்கிறது. ஒரே செய்தி பல பட்டைகளில் ஒரே நேரத்தில் வைக்கப்படுவதால், ஒரு பட்டை சிதைந்தாலும் மற்றவை காப்பாற்றும். மலிவான ஒலிபெருக்கியும் தெளிவாகத் தரக்கூடிய நடுப்பகுதி இது என்பதும் இந்த எல்லையின் சிறப்பு.

ஆனால் இதே அழகில் ஒரு சிக்கலும் புதைந்திருக்கிறது. ஒளிந்துகொள்ள இடம் இருந்தால்தான் குறியை வைக்க முடியும். இடைவிடாது முழங்கும் பாட்டில் இடம் தாராளம். நிதானமாகப் பேசுபவரின் இரு சொற்களுக்கு நடுவே உள்ள மௌனத்தில் இடமே இல்லை. மெல்லிய இசையிலும் குறி பலவீனமாகவே வெளியேறும். ஓடும் காரின் இரைச்சலிலோ கூட்டமான உணவகத்திலோ அப்படிப்பட்ட குறியை மானியால் படிக்க முடியாமல் போகலாம். விடுபட்ட சிறிய இடைவெளிகளைக் கணக்கீட்டு விதிகள் இட்டு நிரப்புகின்றன என்றாலும், நீண்ட விடுபடல்களை நிரப்ப வழியில்லை. அதாவது, நேயர் கேட்கிறார், மானியும் உடன் இருக்கிறது, ஆயினும் நிலையத்துக்குப் பதிவு இல்லை. எவ்வளவு பேர் கேட்டார்கள் என்ற கேள்விக்கான விடையில், என்ன வகை ஒலி ஒலிபரப்பானது என்பதும் சத்தமில்லாமல் கலந்துவிடுகிறது.

இந்த ஐயம் நீண்ட நாள் பொறியாளர்களின் பேச்சாகவே இருந்தது. 2014-இல் ஒலிபரப்புக் கருவிகள் செய்யும் டெலோஸ் அலையன்ஸ் குழுமத்தைச் சேர்ந்த 25-செவன் நிறுவனம் வோல்டேர் என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அது பொதுச் சர்ச்சையானது. குறி எவ்வளவு தெளிவாகப் படிக்கப்படும் என்பதைத் திரையில் காட்டி, வேண்டுமானால் அதை வலுப்படுத்தவும் செய்த அந்தக் கருவியின் விலை சுமார் 15,000 டாலர். வாங்கிய நிலையம் முந்திக்கொள்ளும், வாங்க முடியாத நிலையம் பின்தங்கும் என்றால் அளவுகோலே விலைக்கு வந்துவிட்டது என்று பொருள். 2013-இல் ஆர்பிட்ரானை வாங்கியிருந்த நீல்சன் நிறுவனம், 2015 இறுதியில் தன் குறியேற்றும் முறையையே மேம்படுத்தி, எல்லா நிலையங்களுக்கும் வலுவான குறியை வழங்கியது. அதுவும் அளக்கும் முறையில் ஒரு மாற்றமே. அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை ஒரே கோட்டில் வரைந்து ஒப்பிடுவது சரியாகாது.

குறி சரியாகப் படிக்கப்பட்டாலும், மானியை அணிந்திருப்பவர்கள் யார் என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. குறிப்பேட்டிலிருந்து மானிக்கு மாறியபோது, ஒரு நிலையத்தை எட்டிப் பார்ப்பவர்களின் எண்ணிக்கை உயர்ந்தது, ஒவ்வொருவரும் கேட்கும் நேரம் குறைந்தது. கறுப்பின மக்களுக்கும் ஸ்பானிய மொழி பேசுவோருக்கும் ஒலிபரப்பிய பல நிலையங்களின் எண்கள் கடுமையாகச் சரிந்தன. பற்றுள்ள நேயர்கள் குறிப்பேட்டில் மிகையாக எழுதியது ஒரு காரணமாக இருக்கலாம். மாதிரிக் குழுவில் இம்மக்கள், குறிப்பாகக் கைபேசி மட்டுமே வைத்திருந்த இளைய குடும்பங்கள், போதிய அளவில் இல்லை என்பது அந்நிலையங்களின் வாதம். நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரலாக இருந்த ஆண்ட்ரூ கூமோ 2008 அக்டோபரில் ஆர்பிட்ரான் மீது வழக்குத் தொடுத்தார். 2009 ஜனவரியில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, கைபேசி மட்டும் உள்ள வீடுகளைக் கூடுதலாகச் சேர்க்கவும், தொலைபேசி எண்ணோடு வீட்டு முகவரியையும் கொண்டு ஆட்களைத் தேர்வு செய்யவும் நிறுவனம் ஒப்புக்கொண்டது.

இந்தச் சண்டையின் அடியில் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு நகரின் மாதிரிக் குழுவில் 1,000 பேர் இருப்பதாகவும், ஒரு சிறு நிலையத்தை நகரில் 2 விழுக்காட்டினர் கேட்பதாகவும் வைத்துக்கொள்வோம். குழுவில் எதிர்பார்க்கத்தக்க நேயர்கள் 20 பேர். ஆனால் தேர்வின் தற்செயலால் மட்டுமே அது 11 பேர் முதல் 29 பேர் வரை எங்கு வேண்டுமானாலும் அமையலாம். நிலையம் எதையும் மாற்றாமலே அதன் எண் பாதியாகலாம். இந்தப் பிழையைப் பாதியாக்க மாதிரியை நான்கு மடங்காக்க வேண்டும், செலவும் அதற்கேற்ப ஏறும். பெரிய நிலையத்துக்கு இந்த ஊசலாட்டம் ஒரு தொல்லை. சிறுபான்மை மக்களை நம்பி இருக்கும் நிலையத்துக்கு அது வாழ்வா சாவா என்ற கேள்வி. அதனால்தான் மாதிரியின் அமைப்பை ஒரு தொழில்நுட்பச் சில்லறை விவரம் என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை.

சுவிட்சர்லாந்து வேறு வழியில் சென்றது. 2001-இலேயே அங்கு நாடு தழுவிய வானொலி அளவீடு ஒரு கைக்கடிகாரத்துக்கு மாறிவிட்டது. அந்தக் கடிகாரம் ஒவ்வொரு நிமிடமும் நான்கு நொடி ஒலியைப் பதிந்து, திரும்ப ஒலிக்க முடியாதபடி சுருக்கி வைத்துக்கொள்ளும். பிறகு அது எல்லா நிலையங்களின் பதிவுகளோடும் ஒப்பிடப்படும். இதில் நிலையம் எந்தக் குறியையும் ஏற்ற வேண்டியதில்லை, எல்லைக்கு அப்பாலிருந்து வரும் அயல்நாட்டு நிலையத்தையும் எண்ணலாம். இரண்டு நிலையங்கள் ஒரே நிகழ்ச்சியை ஒரே நேரத்தில் ஒலிபரப்பினால், எது கேட்கப்பட்டது என்று பிரிப்பது கடினம் என்பது இதன் குறை.

ஹெட்ஃபோனில் கேட்பது மைக் வழியாக அளக்கும் எந்த மானிக்கும் எட்டாது. கைபேசி வழியாகக் கேட்பது பெருகியதும் இந்த ஓட்டை பெரிதாயிற்று. நீல்சன் 2020 அக்டோபர் முதல், இணைய ஒலிபரப்பின் எண்களுக்கு ஹெட்ஃபோன் கேட்டலுக்கான புள்ளியியல் திருத்தம் ஒன்றைச் சேர்க்கத் தொடங்கியது. இது மானி கண்டதல்ல, கணித மாதிரி மதிப்பிட்டது. தேவையான திருத்தம் என்றே கருதுகிறேன். ஆனால் அளந்ததும் மதிப்பிட்டதும் ஒரே எண்ணில் கலந்து அச்சாகும்போது படிப்பவருக்கு அது தெரிய வேண்டும். அதன் பின் பேஜர் போன்ற பழைய மானிக்குப் பதிலாகக் கைப்பட்டை, பதக்கம், சட்டைக் கவ்வி போன்ற வடிவங்களில் அணியும் சிறு மானிகள் வந்தன. இடுப்பில் பேஜர் மாட்டிக்கொள்ளக் கூசும் இளைஞர் கைப்பட்டையை எளிதில் அணிந்துகொள்வார், அதனால் மாதிரியின் தரமும் உயர்கிறது.

இனி ஐந்து நிமிட விதிக்கு வருவோம். மானி நிமிடம் நிமிடமாகப் பார்த்தாலும், எண்ணிக்கை மட்டும் காகிதக் காலத்துக் கால்மணியிலேயே தங்கிவிட்டது. ஒரு கால்மணிக்குள் ஐந்து நிமிடம் சேர்ந்தால் முழுக் கால்மணி. நான்கு நிமிடமானால் ஒன்றுமில்லை. முதலில் சொன்னவர் 8:15-க்கு முன் நான்கு நிமிடமும் பின் நான்கு நிமிடமும் கேட்டதால் இரண்டிலும் தவறினார். அவரே 8:10 முதல் 8:20 வரை கேட்டிருந்தால், இரண்டே நிமிடம் கூடியதற்காக அரை மணி நேரம் எண்ணப்பட்டிருக்கும். இதை அறிந்த நிலையங்கள், நேயர் விலகிவிடக்கூடிய விளம்பர இடைவேளையைக் கால்மணியின் எல்லையை ஒட்டி வைத்து, இருபுறமும் ஐந்து நிமிடம் தேறும்படி நிகழ்ச்சியை அடுக்கின. மக்கள் நிலையம் மாற்றும் வேகம் கூடியதும் மூன்று, நான்கு நிமிடக் கேட்டல்கள் பெருமளவில் விடுபடத் தொடங்கின. 2025 ஜனவரிக் கணக்கெடுப்பிலிருந்து தகுதி மூன்று நிமிடமாகக் குறைக்கப்பட்டது.

உண்மைக்கு இது ஒரு படி நெருக்கம்தான். உண்மையில் கேட்ட நிமிடங்கள் மொத்தமாக விடுபடுவது குறைகிறது. அதே வேளையில் மூன்று நிமிடம் பதினைந்தாகப் பெருகுவதும் நடக்கிறது. குறுகிய கேட்டல்கள் அதிகமுள்ள நிலையங்கள், போக்குவரத்துச் செய்திக்கும் தலைப்புச் செய்திக்கும் திருப்பப்படுபவை, கூடுதலாக ஏறும். மணிக்கணக்காக ஓடும் நிலையத்துக்குப் பெரிய மாற்றம் இராது. நிலையங்களுக்கு இடையேயான வரிசை மாறுவது இதனால்தான்.

இந்த மாற்றம் மானி உள்ள சந்தைகளுக்கு மட்டுமே. 2025-இல் அது வந்தபோது அமெரிக்காவின் மற்ற ஊர்களில் குறிப்பேடும் ஐந்து நிமிடமும்தான் தொடர்ந்தன. அப்போது நாடு முழுவதும் ஒரே விளம்பரத்தை வாங்கியவர், ஒரு நகரில் மூன்று நிமிடத்தில் உருவான நேயரையும் பக்கத்துச் சிற்றூரில் ஐந்து நிமிடத்தில் உருவான நேயரையும் ஒரே பட்டியலில் கூட்டிப் பணம் கொடுத்தார்.