ஒரு பக்கம் மட்டும் கரகரக்கும் அம்ப்ளிபயர்

ஸ்ரீரியோ அம்ப்ளிபயரில் இரண்டு பக்கமும் ஒன்றாகக் கெட்டால் சேர்க்கிட் படத்தைத் தேடி அலைய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கரகரத்தால் அந்தப் படம் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. நல்ல பக்கம்தான் அது. அதே பாகங்கள், அதே வோல்ற்றேஜ், பெரும்பாலும் அருகருகே அல்லது கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பி. பவர் சப்ளை அநேகமான பெட்டிகளில் இரண்டு பக்கத்துக்கும் பொது என்பதால், எடுத்தவுடன் அந்தப் பெரிய கப்பாசிற்றர்களை மாற்றுவது வீண் செலவு.

திருகாணியைக் கழற்றமுதல் குற்றம் உள்ளேயா வெளியேயா என்று பார்த்துவிட வேண்டும். சுவிச்சை நிறுத்திவிட்டு, ஸ்பீக்கர் வயர்களை இடம் வலம் மாற்றுங்கள். கரகரப்பு அதே ஸ்பீக்கரில் நின்றால் ஸ்பீக்கரோ அதன் வயரோதான். கூம்பை விரல்களால் நாலு பக்கமும் சமமாக மெல்ல அழுத்தினால் உரசும் சத்தம் கேட்கிறதா? கொயில் காந்தத்தில் தட்டுகிறது. கரகரப்பு மற்ற ஸ்பீக்கருக்குப் போய்விட்டால், வயர்களைப் பழையபடி பூட்டி, இன்புட் வயர்களை மாற்றுங்கள். இப்போது குற்றம் பக்கம் மாறினால் வயரிலோ பாட்டு வரும் கருவியிலோ. மாறாவிட்டால் அம்ப்ளிபயரைத் திறக்கத்தான் வேண்டும். சோதனைக்குப் பாட்டைவிட, போனில் 400 ஹேர்ட்ஸ் ரோன் ஒன்று போடுவது நல்லது. சுத்தமான ஒற்றைச் சுருதியில் சிறு அழுக்கும் காதில் படும்.

அடுத்த கேள்விதான் பாதி வேலையை முடித்துவிடும்: எந்தச் சத்த அளவில் கரகரக்கிறது?

மெல்ல வைத்தால் கரகரத்து, ஒருமுறை கூட்டிவிட்டால் தெளிகிறது என்றால் றிலேயைப் பாருங்கள். ஸ்பீக்கரை அம்ப்ளிபயரோடு சேர்த்துப் பிரிக்கும் தானியங்கிச் சுவிச் அது. சுவிச் போட்டுச் சில விநாடியில் 'டிக்' என்று கேட்பது அதுதான். அதன் தொடுமுனைகளில் வெள்ளி கலந்திருக்கும். கொலுசு கறுப்பதுபோல அதுவும் கறுக்கும். அந்தக் கறுப்புப் படலத்தைச் சிறிய சிக்னல் ஒழுங்காகத் தாண்டாது, பெரியது உடைத்துக்கொண்டு போகும். அம்ப்ளிபயர் தன் பிழையைத் தானே திருத்தும் ஃபீட்பேக் சுற்றுக்கு றிலே வெளியே இருப்பதால் இந்தக் கரகரப்பைத் திருத்த உள்ளே ஒன்றுமில்லை. சோதிக்க, 8 ஓம் ஸ்பீக்கர் பூட்டி 100 ஹேர்ட்ஸ் ரோனில், ஸ்பீக்கர் முனையில் 1 வோல்ற் ஏசி வருமளவு சத்தம் வைத்து, றிலேயின் மூடிய இரு முனைகளுக்கிடையே அளக்க வேண்டும். நல்ல தொடுமுனையில் சில மில்லிவோல்ற்தான் நிற்கும். கெட்டதில் பத்து மடங்கு, சிலவேளை நூறு மடங்கு. ஏசியில் 200 வோல்ற்றுக்குக் கீழே இறங்காத மலிவு மீற்றர் இதற்கு உதவாது. ஐசோபுரொப்பைல் அல்கஹோலில் நனைத்த தடித்த காகிதக் கீற்றை முனைகளுக்கிடையே இழுத்துத் துடைக்கலாம். அரத்தாள் வேண்டாம், வெள்ளிப் பூச்சே போய்விடும். அதே வோல்ற், அதே கால் அமைப்பில் புதிய றிலே போடுவதே நிலைக்கும் வைத்தியம்.

குருநகர், காரைநகர், பருத்தித்துறை என்று கடலோரம் இருக்கும் வீடுகளில் உப்புக்காற்று சுவிச்சுகளையும் விடாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் மாதக்கணக்கில் சும்மா இருந்த பெட்டியென்றால், வொலியூம், பலன்ஸ், ஸ்பீக்கர் ஏ-பி சுவிச் எல்லாவற்றையும் கரண்ட் இல்லாமல் இருபது தடவை திருப்பிவிட்டுப் பிறகு பாருங்கள். சிலவேளை கதை அத்தோடு முடியும்.

மெல்லிய சத்தத்தில் எப்போதும் கரகரத்து, கூட்டினால் அவ்வளவாகத் தெரியாவிட்டால் பயஸ் குறைந்திருக்கலாம். அவுட்புட்டில் இரண்டு ரான்சிஸ்ரர்கள், மரம் அரியும் இருவர்போல. அலையின் மேற்பாதியை ஒன்று இழுக்கும், கீழ்ப்பாதியை மற்றது. ஒவ்வொன்றும் வேலை தொடங்க ஏறக்குறைய 0.6 வோல்ற் வேண்டும். ஒருவர் விட்டதும் மற்றவர் பிடிக்கப் பிந்தினால் வாள் தடங்குமல்லவா, அதுபோல அலை பூச்சியத்தைக் கடக்கும் இடத்தில் ஒரு தடக்கல். 8 ஓம் ஸ்பீக்கரில் 10 மில்லிவாட் என்பது இரவில் மெல்லப் பாட்டுக் கேட்கும் அளவு. அதன் உச்சி 0.4 வோல்ற்தான். அலை முழுவதுமே அந்த இடைவெளிக்குள் கிடக்கிறது! ஃபீட்பேக் கொஞ்சம் திருத்தினாலும் முழுவதும் மறைக்காது. இதற்காகத்தான் இரண்டு ரான்சிஸ்ரரையும் எப்போதும் சற்று விழிப்பில் வைக்க ஒரு சிறு கரண்ட் ஓடவிடுகிறார்கள். அதைத்தான் பயஸ் என்பது.

அதை அளப்பது சுலபம். இன்புட், ஸ்பீக்கர் இரண்டையும் கழற்றி, மீற்றர் கிளிப்பை எமிற்றர் றெசிஸ்ரரின் (அவுட்புட் ரான்சிஸ்ரரின் எமிற்றர் காலோடு தொடராக இருப்பது) இரு காலிலும் கரண்ட் இல்லாதபோதே பூட்டுங்கள். ஓடும்போது முனை வழுக்கினால் ரான்சிஸ்ரர் போய்விடும். 15 நிமிடம் சூடாகவிட்டு டிசி மில்லிவோல்ற் பாருங்கள். 0.22 ஓம் றெசிஸ்ரரில் 10 மில்லிவோல்ற் என்றால் ஏறத்தாழ 45 மில்லிஅம்பியர். இலக்கு எவ்வளவு? நல்ல பக்கம் காட்டுவது எவ்வளவோ அவ்வளவு. பயஸைக் கூட்டிக் குறைக்கும் சிறு திருகியான ரிம்மரின் பழைய நிலையை மார்க்கரால் குறித்துவிட்டு, மயிரிழையாகத் திருப்ப வேண்டும். திருப்பும்போது அளவு துள்ளினால் ரிம்மரே தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள்.

சத்தம் கூட்டும்போது மட்டும் கரகரத்தால் அலையின் ஒரு பாதி வெட்டுப்படுகிறது. பக்கத்துக்குத் தனித்தனி பியூஸ் இருந்தால் அதை முதலில். பிறகு அந்தப் பக்கத்துக்கு +35, -35 போன்ற இரண்டு வோல்ற்றும் வந்து சேர்கிறதா என்று. ஸ்பீக்கர் பூட்டாமல் அவுட்புட்டில் டிசி அளந்தால் 50 மில்லிவோல்ற்றுக்குள் நிற்பது நல்லது.

சூடானபின் வரும், தட்டினால் போகும் கரகரப்பு ஈய ஒட்டு விட்டதால் வருவது. திருவிழாக் காலத்தில் லாண்ட்மாஸ்ரரில் (இரு சில்லு உழவு இயந்திரம்) குலுங்கித் திரியும் பெட்டிகளில் இது சகசம். காய்ந்த பனை ஈர்க்கால் பாகங்களை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு போங்கள். அவுட்புட் ரான்சிஸ்ரர், பெரிய றெசிஸ்ரர், ஸ்பீக்கர் முனை, இவற்றின் காலைச் சுற்றி மெல்லிய வளையமாக வெடிப்பு தெரியும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிது வையுங்கள்.

பாகம் எதையும் தொடமுதல், பெரிய கப்பாசிற்றர்களை 100 ஓம் 10 வாட் றெசிஸ்ரரால் சில விநாடி வடியவிட வேண்டும். ஸ்குரூ ட்ரைவரால் தீப்பொறி பறக்க வைப்பது வித்தை காட்டத்தான் உதவும். ரான்சிஸ்ரர் மாற்றுவதானால் சோடியாக மாற்றுங்கள். சி5200, ஏ1943 என்ற இலக்கத்தில் போலிகள் நிறைய உலாவுவதால், நம்பக்கூடிய இடத்தில் விலை கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்குவதே லாபம். ரான்சிஸ்ரருக்கும் அதன் சூட்டை இழுக்கும் உலோகத் துண்டான ஹீட்சிங்குக்கும் இடையே மைக்கா, பசை இரண்டும் வேண்டும். பயஸைக் காக்கும் சிறிய ரான்சிஸ்ரர் ஹீட்சிங்கைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஒரு பாகை சூடு ஏற ரான்சிஸ்ரர் ஒன்றுக்கு 2 மில்லிவோல்ற் அளவு அது குறைத்துக் கொடுக்காவிட்டால், புதியவையும் எரிந்துவிடும்.

முதல் தடவை கரண்ட் கொடுக்கும்போது 60 வாட் இழைக் குமிழ் ஒன்றை மெயின் கரண்ட் வயரில் தொடராகப் போடுங்கள். எல்இடி குமிழ் சரிவராது. சூடேறத் தடை கூடும் அந்த இழைதான் காவல். ஒருமுறை மின்னி மங்கினால் நல்லது. பிரகாசமாகவே நின்றால் எங்கோ சோர்ட், உடனே நிறுத்துங்கள். மங்கினால் குமிழை எடுத்துவிட்டு, பயஸை மிகக் குறைவில் தொடங்கி மேலே கொண்டுவாருங்கள். மூடியை மேலே வைத்து அரை மணி நேரம் ஓடவிட்டு மறுபடி அளக்க, அளவு நல்ல பக்கத்தோடு ஒத்து ஏறாமல் நின்றால் திருகாணிகளை இறுக்கலாம்.