சதகுப்பை: ஒரே செடியில் இரண்டு வாசனை

சதகுப்பையின், அதாவது ஆங்கிலத்தில் டில் என்கிற செடியின், பச்சை இலையைக் கசக்கி ஒரு கையிலும், காய்ந்த விதையை நசுக்கி இன்னொரு கையிலும் வைத்து மாறி மாறி முகர்ந்து பாருங்கள். இரண்டும் ஒரே செடியில் வந்தவை என்று மூக்கு ஒத்துக்கொள்ளாது. இலையில் குளிர்ச்சியான, லேசாக இனிக்கும் மணம். விதையிலோ காரமும் கசப்பும் கலந்த நெடி.

இலைக்கு மணம் தருபவை முக்கியமாக ஆல்ஃபா ஃபெல்லாண்ட்ரீன், டில் ஈதர் என்ற சேர்மங்கள். சட்டென்று ஆவியாகிவிடும் சரக்கு இது. அடுப்பில் கொஞ்ச நேரம் கூடுதலாக விட்டால் வாசனை காற்றோடு போய்விடும். ரஷ்யர்கள் இதை நறுக்கி, இறக்கிய சூப்பின் மேல் தூவுகிறார்கள். சுவீடனில் உப்பும் சர்க்கரையும் தடவி ஊறவைக்கும் சால்மன் மீனுக்கு இலை பச்சையாகவே போகிறது. வியட்நாம் தலைநகர் ஹனோயின் சா கா மீன் வறுவலில், சாப்பிடும் மேசையில் வைத்த சட்டியிலேயே கடைசி நிமிடத்தில் கைநிறைய அள்ளிப் போடுகிறார்கள். வேதியியல் தெரியாமலே எல்லா ஊர்ச் சமையல்காரர்களும் ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்!

விதையின் கதை வேறு. நாம் விதை என்று சொல்வது உண்மையில் பாதிக் கனி. ஒரு காய் இரண்டாகப் பிளந்து இப்படித் தட்டையாகக் காய்கிறது. அதைப் பிளேடால் குறுக்கே வெட்டி லென்ஸில் பார்த்தால் முதுகுப் பக்கம் நான்கு, வயிற்றுப் பக்கம் இரண்டு என்று ஆறு கரும்புள்ளிகள் தெரியும். எல்லாம் எண்ணெய்க் குழாய்கள். எண்ணெய் உள்ளே அடைபட்டிருப்பதால்தான் மாதக்கணக்கில் டப்பாவில் இருந்தாலும் விதையின் மணம் தங்குகிறது. ஊறுகாய்க்கும் மருந்துக்கும் விதையைத் தேடுவதற்கு இதுவே காரணம்.

அந்த எண்ணெயில் அதிகமாக இருப்பது கார்வோன். எனக்கு இந்தச் செடியில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். கார்வோனுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பம். அதே அணுக்கள், அதே பிணைப்புகள். ஆனாலும் இடது கால் செருப்பு வலது காலுக்குப் பொருந்தாதது போல, ஒன்றை மற்றதன் மேல் அப்படியே பொருத்த முடியாது. ஒரு வடிவம் சதகுப்பை விதையில் இருக்கிறது. மற்றது ஸ்பியர்மின்ட் புதினாவில், அதாவது சூயிங்கம்மின் அந்தக் குளுகுளு வாசனையில். நம் மூக்கில் மணத்தை உணரும் மணவாங்கிப் புரதங்களும் செருப்பைப் போல இடம் வலம் உள்ளவை என்பதால், இந்த இரண்டும் நமக்கு வெவ்வேறாக மணக்கின்றன. 1971-இல் இரண்டு வடிவங்களையும் தூய்மையாக்கி முகர்ந்து இதை உறுதிசெய்தார்கள்.

1851-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் வில்லியம் வுட்வர்ட் என்ற மருந்தாளுநர் இந்த விதை எண்ணெயோடு சமையல் சோடாவும் ஆல்கஹாலும் சேர்த்து, குழந்தைகளின் வயிற்று வலிக்கு கிரைப் வாட்டர் தயாரித்தார். ஆல்கஹாலைப் பிற்பாடு எடுத்துவிட்டார்கள்.

பெயர்களில்தான் ஏகக் குழப்பம். சமஸ்கிருதத்தில் சதபுஷ்பா, நூறு பூ. குடை போல விரியும் மஞ்சள் பூங்கொத்தைப் பார்த்தால் பொருத்தமான பெயர்தான். இந்தியில் சோயா என்பதால் சோயா பீன்ஸோடு குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. கிரேக்கர்கள் அனீதோன் என்றார்கள். மத்தேயு நற்செய்தி 23:23-இல் வருவது அந்தச் சொல்தான். 1611-இன் ஆங்கில பைபிள் அதை அனிஸ், அதாவது வேறொரு செடி, என்று எழுதிவிட்டது. அப்புறம் அனெத்தோல் என்ற சேர்மத்துக்கும் இதே செடியின் பெயரைத்தான் வைத்தார்கள். அது நிறைந்திருப்பதோ சோம்பில்.

வியட்நாமில் இதன் பெயர் தீ லா. செடிகளுக்கெல்லாம் பெயர் கொடுத்துக்கொண்டிருந்த கடவுள் கடைசியில் இந்தக் குட்டிச் செடியிடம், "உன் பேரு வந்து... வந்து..." என்று யோசித்தாராம். அந்த "வந்து" தான் வியட்நாமியில் "தீ லா". அதுதான் பெயர் என்று நினைத்துச் செடி சந்தோஷமாக ஓடிவிட்டதாம்.