வீராம்பட்டினத்துக்கு அலைக் கணிப்பு வந்த வழி

1990களின் கடைசியில் புதுச்சேரியை அடுத்த மீனவக் கிராமமான வீராம்பட்டினத்தின் கடற்கரையில் குழாய் ஸ்பீக்கர் கட்டி, அலை எவ்வளவு உயரம் எழும் என்று மீனவர்களுக்குத் தமிழில் அறிவிக்க ஆரம்பித்தார்கள். அந்தக் கணிப்பு அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி ஏற்கெனவே இருந்ததுதான். நம் கரைக்கு அதைக் கொண்டுவர ஆள்தான் இல்லை.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரியில் தொடங்கிய கிராம அறிவு மையங்கள் அந்த வேலையைச் செய்தன. வில்லியனூரில் இருந்த மைய அலுவலகம் தகவலை இறக்கித் தமிழாக்கி, போன் லைன் சரியில்லாத ஊர்களுக்கு வயர்லெஸ் ரேடியோ வழியாக அனுப்பும். கரன்ட் போனால் சூரியத் தகடு கைகொடுக்கும்.

புத்தாக்க ஆய்வு என்ற துறை கவனிப்பது, புதியது ஒன்று இருப்பதற்கும் அது மக்களிடம் வந்து சேர்வதற்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியைத்தான். பொருளாதார அறிஞர் கிறிஸ்டோபர் ஃப்ரீமன் 1966இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஓர் ஆய்வுப் பிரிவைத் தொடங்கினார். கண்டுபிடிப்பு மட்டும் பொருளாதாரத்தை மாற்றிவிடாது, அதைக் கற்று, தங்களுக்கேற்பத் திருத்தி, பழுதானால் சரிசெய்கிற மனிதர்களும் அமைப்புகளும் சேர்ந்தால்தான் மாற்றம் நடக்கும் என்பது இத்துறையின் அடிப்படை. புதிய ஒன்றை மக்கள் ஏற்பது எப்படி என்று 1962இலேயே எழுதிய அமெரிக்கச் சமூகவியலாளர் எவரெட் ரோஜர்ஸ், அதன் பலன் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றார். அலைக் கணிப்புக்கு அது நன்றாகவே பொருந்துகிறது: சொன்னது சரியா தப்பா என்பதைக் கடலுக்குப் போகிறவர் அன்றைக்கே தன் கண்ணால் பார்த்துவிடுவார்.

சரி, பலன் யாருக்குப் போகிறது? வசதியும் தொடர்பும் உள்ளவர்கள் புதியதை முதலில் பிடித்துக்கொள்வார்கள், அதனால் இருப்பவர்க்கும் இல்லாதவர்க்கும் உள்ள இடைவெளி இன்னும் விரியும் என்பதை ரோஜர்ஸும் பின்னாளில் பேசினார். அறிவு மையத்துக்கு ஊர் இடம் தர வேண்டும், ஆனால் எந்தச் சாதிக்காரரும் உள்ளே வரலாம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை இருந்ததே, என்னைக் கேட்டால் அந்தத் திட்டத்தின் மிகப் பெரிய புதுமை அதுதான். கணினி எங்கேயும் கிடைக்கும், அப்படியொரு வாசல் எளிதில் கிடைக்காது.

2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரில் இருந்த, புதுச்சேரியின் இன்னொரு மீனவக் கிராமமான நல்லவாட்டைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் டிவியில் சுனாமிச் செய்தியைப் பார்த்து ஊருக்குப் போன் செய்தார். இங்கே ஆட்கள் அறிவு மையத்தின் கதவை உடைத்து ஸ்பீக்கரில் அறிவிக்க, ஊர் எழுந்து ஓடி உயிர் பிழைத்தது. சுனாமிக்காக யாரும் அந்த ஸ்பீக்கரை வைக்கவில்லை. தினமும் பயன்பட்டதால் அது வேலை செய்யும் நிலையில் இருந்தது, அந்தக் குரலை ஊர் நம்பவும் செய்தது.

அப்புறம் 2007இல் ஐதராபாத்தில் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் வந்தது, இப்போது அலைக் கணிப்பு செல்போன் செயலியிலேயே கிடைக்கிறது. நல்ல முன்னேற்றம்தான். ஆனால் செயலிக்கு போன், டேட்டா, படிக்கத் தெரிந்த கண் மூன்றும் வேண்டும். கரையில் கருவாடு காயவைக்கும் பாட்டிக்கு இதில் எத்தனை இருக்கும்? செயலி இருக்கட்டும், ஏலக் கொட்டகையில் குழாய் ஸ்பீக்கரும் இருக்க வேண்டும், அதற்கான கரன்ட் பில்லையும் பராமரிப்புச் செலவையும் அரசு ஏற்க வேண்டும்.