பழைய காமிக்ஸ் வாங்குகிறீர்களா? முதலில் பின்னைப் பாருங்கள்

போன ஆடியில் விருதுநகர்ப் பக்கமிருந்து ஒருவர் என் பட்டறைக்கு வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. துணிப்பைக்குள் ஒரு செய்தித்தாள் பொட்டலம், அதற்குள் இன்னொரு பொட்டலம், அதற்குள் ஒரு ராணி காமிக்ஸ். 1984-இல் வந்த தொடக்க கால இதழ். நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறார். "அண்ணே, முதுகு மட்டும் லேசா விட்டிருக்கு. ஒட்டிக் குடுத்தாப் போதும்" என்றார்.

மேசை விளக்கைச் சாய்த்துவைத்துப் பார்த்தேன். நடுப்பக்கத்தில் இரண்டு ஸ்டேப்பிளர் பின்னும் துருவேறி, சுற்றிலும் பழுப்பு வட்டம் விழுந்திருந்தது. நாற்பது வருடத் துரு அப்படித்தான் இருக்கும். ஆனால் இந்த மாதிரி மெல்லிய இதழ்களில் அட்டையையும் உள்தாளையும் சேர்த்துத்தானே பின் அடிப்பார்கள்? இவருடைய அட்டையில் பின் போன ஓட்டையே இல்லை. துருக்கறையும் இல்லை. பின்னின் முதுகு அட்டைக்கு அடியில் மறைந்து கிடந்தது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை அட்டையில் வைத்தேன். பழைய ஆஃப்செட் அச்சில் நிறப்புள்ளிகள் வரிசை பிடித்து, குட்டிக் குட்டிப் பூப்போலச் சேர்ந்திருக்கும். இதில் எழுத்தின் ஓரமெல்லாம் மாவு தெளித்த மாதிரி பொடி சிதறியிருந்தது. கலர் ஜெராக்ஸ். உள்ளே அசல், மேலே நகல்.

அவரிடம் லென்ஸைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். வெகுநேரம் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

பழைய காகிதத்தைச் சீர்செய்வது என் தொழில். கோயில் கணக்கு, குடும்பப் பத்திரம், பழைய புத்தகம் என்றுதான் வேலை வரும். இப்போது ஐந்தாறு வருடமாக காமிக்ஸும் வருகிறது. வருகிறவர்களில் பலர் சிறுவயதில் வாடகை நூலகத்தில் பத்துப் பைசாவுக்கும் இருபது பைசாவுக்கும் படித்தவர்கள். இப்போது கையில் காசு இருக்கிறது, இதழ்தான் கிடைக்கவில்லை. விலை ஏறுவது இந்த இடத்தில்தான்.

ஏன் கிடைக்கவில்லை என்பதையும் பார்க்கவேண்டும். சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972-இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியது. லயன் காமிக்ஸ் 1984-இல் வந்தது, ராணி காமிக்ஸும் அதே வருடம். எல்லாமே மலிவான தாளில், படித்துவிட்டுத் தூக்கிப்போட அச்சடித்தவை. நம் வீடுகளில் பரீட்சை முடிந்ததும் அம்மா அவற்றை எடைக்குப் போட்டார். தப்பித்தவற்றைக் கரையானும் ராமபாணப் பூச்சியும் பார்த்துக்கொண்டன. சென்னையில் பழைய புத்தகம் தேடுகிறவர்களுக்குக் கோயிலாக இருந்த மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்தது. இத்தனைக்கும் பிறகு அட்டையோடு, கிழியாமல், பெயர் கிறுக்காமல் ஒரு இதழ் மிஞ்சுவதே பெரிய விஷயம்.

அமெரிக்காவில் விற்கும் விலையைக் கேட்டுவிட்டு நம் ஆட்களுக்கும் ஆசை வருகிறது. தப்பில்லை. ஆனால் முழுக்கதையையும் கேட்கவேண்டும். சூப்பர்மேன் முதலில் தோன்றிய 1938-ஆம் வருட ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழின் அன்றைய விலை 10 சென்ட். அதன் ஒரு பிரதி 2024-இல் 60 லட்சம் டாலருக்குப் போனது. அடுத்த வருடம், பின்னர் 'சூப்பர்மேன்' என்ற பெயரிலேயே தனியாக வந்த இதழின் முதல் வெளியீட்டில் ஒரு பிரதி 91 லட்சம் டாலரைத் தாண்டியது. அது கலிஃபோர்னியாவில் ஒரு தாயார் இறந்தபின் பிள்ளைகள் பரணில் கண்டெடுத்தது. அட்டைப் பெட்டியில், பழைய செய்தித்தாள்களுக்கு அடியில் கிடந்திருக்கிறது. அந்த ஊரின் குளிர்ந்த பருவநிலைதான் அதைக் காப்பாற்றியது என்றார்கள். நம் ஊர்ப் பரணில் ஓட்டுக்கு அடியில் எண்பது வருடம் கிடந்தால் என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே அமெரிக்காவில்தான் இதுவும் நடந்தது. 1992 நவம்பரில் சூப்பர்மேன் சாகும் இதழ் கறுப்பு உறையில் வந்தது. பின்னாளில் விலை ஏறும் என்று நம்பி ஆளாளுக்கு நாலைந்து வாங்கி, உறையைப் பிரிக்காமலே பத்திரப்படுத்தினார்கள். லட்சக்கணக்கான பிரதிகள் இன்னும் புத்தம் புதிதாக இருக்கின்றன, அதனால் பெரிய விலை இல்லை. அந்த மோகம் வடிந்தபோது கடைகள் பல மூடின, மார்வெல் நிறுவனமே 1996 டிசம்பரில் திவால் மனு கொடுத்தது. கொரோனா காலத்தில் மறுபடி ஏறிய விலையும் 2022-க்குப் பிறகு பல இதழ்களுக்கு இறங்கிவிட்டது. இன்று 'லிமிடெட் எடிஷன்' என்று போட்டு வரும் கெட்டி அட்டைப் புத்தகத்தை முதலீடு என்று நினைத்து இரண்டிரண்டாக வாங்குகிறவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன். படிக்க வாங்குங்கள், தாராளமாக.

தமிழில் இன்னொன்றும் உண்டு, மறுபதிப்பு. மாயாவி கதைகள் பலமுறை திரும்ப வந்திருக்கின்றன. மறுபதிப்பு வந்ததும் கதைக்காகத் தேடியவர்கள் திருப்தியாகி ஒதுங்கிவிடுவார்கள். கிழிந்த, அட்டை போன பழைய பிரதிகளின் விலை அதோடு தளரும். முதல் பதிப்பு நல்ல நிலையில் இருந்தால் மட்டும் நிற்கும். கதைத் தலைப்பைப் பார்த்து முதல் பதிப்பு என்று நம்பிவிடாதீர்கள். அச்சிட்ட விலை, மாதம், உள்ளே இருக்கும் விளம்பரங்கள், அடுத்த வெளியீட்டு அறிவிப்பு எல்லாம் ஒரே காலத்தைச் சொல்கின்றனவா என்று பாருங்கள்.

சரி, வாங்கியாயிற்று. அதன்பிறகு வீட்டில் நடக்கும் சேதம்தான் எனக்கு அதிக வேதனை. காமிக்ஸ் தாள் மரக்கூழ்த் தாள். மரத்தில் உள்ள லிக்னின் அதிலேயே தங்கியிருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டால் அது பழுப்பாகி அமிலம் கக்கும், தாள் அப்பளம் மாதிரி நொறுங்கும். இதை யாராலும் முழுசாக நிறுத்த முடியாது, மெதுவாக்கத்தான் முடியும். ஆனால் பாசம் அதிகமாகி லேமினேஷன் செய்துவிடுகிறார்கள். சூட்டில் உருகிய பிளாஸ்டிக் தாளின் நாருக்குள் இறங்கிவிடும். அதைப் பிரித்துத்தரக் கேட்டு மாதம் ஒருவராவது வருகிறார். பிரித்தால் மையும் சேர்ந்து வரும். என்னால் முடியாது என்று சொல்லித்தான் அனுப்புகிறேன்.

செல்லோடேப் அதற்கு அடுத்தது. ஒட்டிய அன்றைக்கு அழகாக இருக்கும். சில வருடத்தில் பசை தாளுக்குள் ஊறி, பிளாஸ்டிக் மட்டும் உதிர்ந்து, தேன் நிறத்தில் ஒரு பட்டை நிரந்தரமாக நிற்கும். பைண்டிங் கடையில் கொடுத்தால் மூன்று ஓரத்தையும் வெட்டிவிடுவார்கள், படத்தின் விளிம்பும் போகும். மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலப்பது நம் ஊர் வழக்கம். அதிலுள்ள தாமிரம் தாளை இன்னும் சீக்கிரம் இற்றுப்போகச் செய்கிறது.

கிழிசல் இருந்தால் கிழிசலோடு வையுங்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். அமெரிக்காவில் 2000-இலிருந்து சி.ஜி.சி. என்ற நிறுவனம் காமிக்ஸைப் பரிசோதித்து, பத்துக்கு மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் கூட்டில் அடைத்துத் தருகிறது. சாதாரண இதழுக்கு நீலச் சீட்டு. நிறம் தீட்டியோ துண்டு ஒட்டியோ சீர்படுத்தியதற்கு ஊதாச் சீட்டு. பெரும்பாலும் ஊதாச் சீட்டு விழுந்தாலே விலை நன்றாகக் குறையும். அசலின் காயத்தை மன்னிக்கும் சந்தை, காயத்தை மறைத்ததை மன்னிப்பதில்லை.

வைக்கும் இடமும் முக்கியம். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம், மழைக்காலத்தில் ஈரம் சுவர் வழியாக வரும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம், பின்னும் துருப்பிடிக்கும். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, ஒன்று வாங்கி உள்ளே வையுங்கள். உறைக்கு பி.வி.சி. வேண்டாம். அது நாளடைவில் அட்டை மையோடு ஒட்டிக்கொள்ளும். பாலிப்ரொப்பிலீன் அல்லது மைலார் உறை நல்லது. வசம்புத் துண்டுகளைத் துணியில் முடிந்து அலமாரி மூலையில் போடலாம், பக்கங்களுக்கு நடுவே எதையும் சொருக வேண்டாம். வருடத்துக்கு இரண்டுமுறை வெளியே எடுத்துப் புரட்டிப் பாருங்கள். பூச்சிக்குப் பிடித்தது யாரும் தொடாத அலமாரி.

வாட்ஸ்அப் குழுவில் யாராவது விற்பதாகப் போட்டால், முன்னட்டைப் படத்தை மட்டும் நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். நடுப்பக்கம் விரித்து பின் தெரிய ஒரு படம், முதுகு ஒரு படம், பின்னட்டை ஒரு படம் கேளுங்கள். பக்கம் எல்லாம் இருக்கிறதா என்று எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள். நல்ல விற்பனையாளர் கோபப்பட மாட்டார். நேரில் வாங்கினால் லென்ஸோடு, கள்ள நோட்டு பார்க்கும் ஊதா விளக்கு ஒன்றும் கொண்டுபோங்கள். பழைய மரக்கூழ்த் தாள் அந்த வெளிச்சத்தில் மங்கலாகவே இருக்கும், இன்றைய வெள்ளைத் தாள் நீலமாகப் பளிச்சிடும். உள்பக்கங்களுக்கு இது நல்ல சோதனை. அட்டையின் வழவழப்புத் தாள் அந்தக் காலத்திலேயே பளிச்சிடக்கூடும், அங்கே லென்ஸைத்தான் நம்பவேண்டும்.

விருதுநகர்க்காரரின் இதழுக்கு வருகிறேன். நகல் அட்டை மைதாப் பசையில் ஒட்டியிருந்ததால் ஈரம் காட்டி எடுக்க முடிந்தது. மூன்று நாள் ஆனது. துருப்பிடித்த பின்களைக் கழற்றி, அதே ஓட்டைகளில் நூல் கோத்தேன். நகலைக் கிழித்துப் போடவா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். ஒரு துண்டுச் சீட்டில் 'அட்டை நகல், உள்தாள்கள் அசல்' என்று அவரே எழுதி, தேதி போட்டு, இரண்டையும் ஒரே உறையில் வைக்கச் சொன்னார். "எனக்கப்புறம் எம் பையன் வித்தாலும் வாங்குறவருக்குத் தெரியணும்ணே" என்றார்.