பழைய கேமராவில் எது பழசாகிறது?

புது கேமரா கைக்கு வந்ததும் பழையதைப் பற்றி இரண்டு மனம் வந்துவிடும். விற்றுவிடலாமா, இல்லை ஒரு ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டுமா? பெரும்பாலும் மெகாபிக்சலைப் பார்த்தோ, வாங்கி எத்தனை வருடமாச்சு என்று கணக்குப் போட்டோதான் இதை முடிவு செய்கிறோம். இரண்டும் பெரிதாக உதவாது. கேமராவுக்குள் பதினைந்து வருடம் ஆனாலும் அசராத பாகம் ஒன்று உண்டு. பைக்குள் சும்மா கிடந்தாலே கெட்டுப்போகிற பாகங்களும் உண்டு. நாம் கவலைப்படுவதெல்லாம் முதலாவதைப் பற்றி. பழுது வருவதோ மற்றவற்றில்.

அசராத பாகம் சென்சர். சிலிக்கான் சில்லின் மேல் லட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் பிக்சல்கள். ஒரு ஃபோட்டான், அதாவது ஒளித்துகள், சிலிக்கானுக்குள் நுழைந்தால் அங்கே ஓர் எலக்ட்ரானை விடுவிக்கும். ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுக்க அந்த எலக்ட்ரான்கள் பிக்சலுக்குள் சேர்ந்துகொண்டே போகும். மூடியதும் எவ்வளவு சேர்ந்தது என்று அளந்து எண்ணாக மாற்றினால் படம் தயார். 1969-இல் பெல் ஆய்வகத்தில் வில்லர்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் சிசிடி என்ற முதல் வகைச் சென்சரைக் கண்டுபிடித்தார்கள். அதற்காக 2009-இல் இயற்பியல் நோபலும் கிடைத்தது. சிசிடிக்குள்ளும் இதேதான் நடக்கிறது, இன்றைய கேமராக்களில் இருக்கும் சிமாஸ் வகைச் சென்சருக்குள்ளும் இதேதான் நடக்கிறது. மாறியிருப்பது பெரும்பாலும் எலக்ட்ரான்களை அளக்கும் விதம்.

இங்கேதான் ஒரு சுவாரசியமான விஷயம். படத்தில் தெரியும் புள்ளி புள்ளியான நாய்ஸில் பெரும்பங்கு கேமராவின் குறையே இல்லை, ஒளியின் குணம். ஒரு வாசலில் நின்று நிமிடத்துக்கு எத்தனை பேர் உள்ளே போகிறார்கள் என்று எண்ணினால், சராசரி நூறாக இருந்தாலும் ஒரு நிமிடம் 93 வரும், அடுத்த நிமிடம் 108 வரும். ஃபோட்டான்களும் அப்படித்தான், ஒரே சீராக வருவதில்லை. இந்த ஏற்ற இறக்கம் எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும். ஒரு பிக்சலில் 10,000 எலக்ட்ரான் சேர்ந்தால் ஏற்ற இறக்கம் 100, அதாவது ஒரே ஒரு சதவீதம். 100 எலக்ட்ரான்தான் சேர்ந்தது என்றால் ஏற்ற இறக்கம் 10, அதாவது பத்து சதவீதம். கண்ணுக்கு நன்றாகவே தெரியும். எந்தக் கம்பெனி எவ்வளவு செலவு செய்தாலும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது.

2005-இல் வந்த கேனான் 5டி-யை எடுத்துக்கொள்ளுங்கள். 12.8 மெகாபிக்சல், ஃபுல் ஃப்ரேம், அதாவது பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுச் சென்சர். ஒவ்வொரு பிக்சலும் எட்டு மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் அகலம். நிரம்பும்போது ஐம்பதாயிரத்துக்கும் அதிகமான எலக்ட்ரான்கள் கொள்ளும். நல்ல வெயிலில், சிக்னலை எவ்வளவு பெருக்குவது என்று சொல்லும் ஐ.எஸ்.ஓ. 100-இல், படத்தின் வெளிச்சமான பகுதியில் நாய்ஸ் அரை சதவீதத்துக்குள் அடங்கிவிடும். அதே இடத்தில் நின்று இன்றைய கேமராவில் எடுங்கள், அதே அளவுக்குச் சிறிதாக்கிப் பக்கத்தில் வையுங்கள். வித்தியாசம் கண்டுபிடிப்பவர்கள் குறைவு.

அப்படியானால் இத்தனை வருட முன்னேற்றம் எங்கே போனது? இருட்டுக்குப் போனது. வருகிற ஃபோட்டான்களில் எத்தனையைச் சென்சர் பிடிக்கிறது என்பது முதல் விஷயம். 2000-களின் நடுவில் வந்தவை சுமார் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்தன. இப்போதைய நல்ல சென்சர்கள் பாதிக்கு மேல் பிடிக்கின்றன. கம்பித் தடங்களைப் பின்பக்கம் தள்ளிவிட்டு ஒளிக்கு நேரே வழிவிடும் அமைப்பு இதற்கு ஓரளவு உதவியது. ஃபுல் ஃப்ரேமில் அதை முதலில் கொண்டுவந்தது 2015-இன் சோனி ஏ7ஆர் 2. ஆனால் இந்த வழியில் கிடைத்த லாபம் மொத்தமாகவே ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு ஒளி, அளவுதான். நூறு சதவீதத்துக்கு மேல் யாராலும் பிடிக்க முடியாது அல்லவா? அது போக, நிறம் பிரிப்பதற்காகப் பிக்சல்களின் மேல் போர்த்தியிருக்கும் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டி வருகிற ஒளியில் பாதிக்கு மேல் தடுத்துவிடுகிறது. கோடாக்கில் இருந்த பிரைஸ் பேயர் பெயரில் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. பழையது, புதியது என்று பார்க்காமல் பெரும்பாலான கேமராக்களில் இன்றும் அதுதான்.

உண்மையான பாய்ச்சல் நடந்தது அளக்கும் இடத்தில். பிக்சலில் இருக்கும் எலக்ட்ரான்களை எண்ணாக மாற்றும்போது மின்சுற்றே கொஞ்சம் பிழை சேர்க்கும். பழைய கேமராக்கள் பலவற்றில் ஐ.எஸ்.ஓ. 100-இல் அந்தப் பிழை இருபது, முப்பது எலக்ட்ரான் அளவுக்கு இருந்தது. வெறும் 15 எலக்ட்ரான் சேர்ந்த ஒரு நிழல் பகுதியை முப்பது எலக்ட்ரான் பிழையோடு அளந்தால் என்ன மிஞ்சும்? எண்ணாக மாற்றும் சுற்றுகளைச் சென்சர் சில்லிலேயே பிக்சல்களின் ஒவ்வொரு செங்குத்து வரிசைக்கும் ஒன்றாகப் பதித்த பிறகு பிழை நாலைந்து எலக்ட்ரானாக, சிலவற்றில் அதற்கும் கீழாக இறங்கிவிட்டது. புது கேமராவில் கறுப்பாகக் கிடக்கும் நிழலைக் கம்ப்யூட்டரில் வெளிச்சமாகத் தூக்கினால் சட்டை மடிப்பு வரை தெரிவதற்குக் காரணம் இதுதான்.

பழையதைக் கையில் வைத்திருப்பவர்கள் இதிலிருந்து ஒன்று கற்றுக்கொள்ளலாம். அந்தப் பிழையில் பெரும்பகுதி சிக்னலைப் பெருக்கியதற்குப் பிறகு சேர்வது. ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டினால் பெருக்கம் முதலிலேயே நடந்துவிடும். பின்னால் சேரும் பிழை ஒப்பீட்டில் சின்னதாகிவிடும். அதனால் மங்கலான வெளிச்சத்தில் பழைய கேமராவை ஐ.எஸ்.ஓ. 200-இல் வைத்து இருட்டாக எடுத்து அப்புறம் தூக்கினால் பட்டை பட்டையாகக் கோடு விழும். அதே ஷட்டர் வேகம், லென்ஸின் அதே துவாரத்தில் ஐ.எஸ்.ஓ. 1600 வைத்து எடுத்தால் எவ்வளவோ சுத்தமாக வரும். ஐ.எஸ்.ஓ. கூட்டினால் நாய்ஸ் வரும் என்று பயந்து பயந்தே பழைய கேமராவைக் கெட்ட பேர் வாங்க வைத்தவர்கள் நிறையப் பேர்.

மெகாபிக்சலைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 12-லிருந்து 24-க்குப் போனால் இரட்டிப்பு மாதிரி தோன்றும். நீளத்திலும் அகலத்திலும் பார்த்தால் ஒவ்வொன்றிலும் 41 சதவீதம்தான் கூடுகிறது. 4கே திரை முழுவதையும் நிரப்ப 8.3 மெகாபிக்சல் போதும். எஃப்/16 போன்ற சின்னத் துவாரத்தில் ஒளி விளிம்பில் வளைவதால், ஒரு புள்ளியே சென்சரில் சுமார் 21 மைக்ரான் வட்டமாகப் பரவிவிடும். பிக்சல் ஆறு மைக்ரானாக இருந்தாலும் எட்டாக இருந்தாலும் அந்த வட்டம் அதே அளவுதான்.

ஆனால் பிக்சல் விஷயத்தில் பழைய கேமராவுக்குச் சாதகமாக ஒரு கணக்கு இருக்கிறது. கிராப் சென்சரிலிருந்து (ஃபுல் ஃப்ரேமை விடச் சின்னது) ஃபுல் ஃப்ரேமுக்கு மாறுகிறவர்கள் கட்டாயம் போட்டுப் பார்க்க வேண்டியது. இரண்டுமே 24 மெகாபிக்சல் என்று வைத்துக்கொள்வோம். கிராப் சென்சரில் பிக்சல் அகலம் சுமார் 3.9 மைக்ரான், ஃபுல் ஃப்ரேமில் சுமார் 6. தூரத்துக் கிளையில் ஒரு மீன்கொத்தி. தூரத்தை இழுக்கும் ஒரே டெலி லென்ஸை இரண்டிலும் மாட்டுகிறீர்கள். லென்ஸ் சென்சரின் மேல் விழ வைக்கும் பறவையின் உருவம் இரண்டிலும் ஒரே அளவு, மூன்று மில்லிமீட்டர் நீளம் என்று கொள்ளுங்கள். பழைய கிராப் பாடியில் (லென்ஸ் இல்லாத கேமரா உடலில்) அந்த நீளத்துக்குள் கிட்டத்தட்ட 770 பிக்சல் இருக்கும், புது ஃபுல் ஃப்ரேமில் 500. வெளிச்சம் நன்றாக இருந்து லென்ஸும் கூர்மையாக இருந்தால் இறகின் கோடுகள் பழையதில்தான் அதிகம் பதியும். பறக்கும்போது கண்ணைத் தேடிப்பிடிக்கும் ஃபோகஸ் புதியதில்தான் இருக்கிறது, அது வேறு விஷயம்.

இன்னொன்று. பழைய சிசிடி சென்சரின் நிறமே தனி என்று சொல்லிக்கொண்டு அந்தக் காலத்துக் கேமராக்களைத் தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள். எலக்ட்ரானுக்கு நிறம் கிடையாது. நிறத்தைத் தீர்மானிப்பவை மேலே இருக்கும் வண்ண வடிகட்டியும், கேமரா அந்த எண்களைக் கலக்கும் விதமும். பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், காரணத்தைச் சிசிடியின் தலையில் மட்டும் கட்ட வேண்டாம்.

சென்சருக்கு வயதே ஆகாது என்றும் சொல்ல முடியாது. விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்த் துகள்கள் எப்போதாவது சிலிக்கான் படிகத்தில் ஓர் அணுவை இடம்பெயர்த்துவிடும். அந்த இடத்தில் ஒளியே இல்லாமலும் எலக்ட்ரான் கசியும். நீண்ட எக்ஸ்போஷரில் அது சிவப்பாக, நீலமாக அல்லது வெள்ளையாக ஒளிரும் ஹாட் பிக்சலாகத் தெரியும். வருடங்கள் போகப் போக இவை கூடும். சூட்டிலும் கூடும், வெப்பம் ஆறேழு டிகிரி ஏறினால் கசிவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். லென்ஸ் மூடியைப் போட்டு 30 விநாடி படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், வானத்து நட்சத்திரம் மாதிரி சில புள்ளிகள் இருக்கும். பயப்பட ஒன்றுமில்லை. பல கேமராக்கள் அவற்றைக் குறித்துவைத்துக்கொண்டு பக்கத்துப் பிக்சல்களின் மதிப்பால் நிரப்பிவிடும்.

நிஜமாகவே தேய்வது ஷட்டர். அதில் முன்னும் பின்னுமாக இரண்டு திரைகள். ஃபுல் ஃப்ரேமில் 24 மில்லிமீட்டர் உயரத்தை ஒரு திரை கடக்க ஏறத்தாழ விநாடியில் 250-இல் ஒரு பங்கு ஆகும். 1/4000 விநாடி வேண்டும் என்றால் அவ்வளவு வேகமாகத் திறந்து மூட முடியாது. அதனால் முதல் திரை கிளம்பிய உடனே இரண்டாவது அதைத் துரத்தும். நடுவே ஒன்றரை மில்லிமீட்டர் இடுக்கு மட்டும் சென்சரின் மேல் ஊர்ந்து போகும். ஸ்பிரிங் தளர்ந்தோ மசகு பிசுபிசுத்தோ ஒரு திரை மிகக் கொஞ்சம் தாமதித்தால் போதும், அந்த இடுக்கு போகப் போக அகலமாகும் அல்லது ஒடுங்கும். படத்தின் ஒரு பக்கம் வெளுத்து மறுபக்கம் கறுக்கும். 1/60-இல் அதே தாமதம் கண்ணுக்கே படாது. எனவே சோதனை சுலபம்: மேகமில்லாத வானத்தை உச்ச வேகத்தில் நாலைந்து தடவை எடுத்து, ஓரங்களில் வெளிச்சம் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு லட்சம், ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று தயாரிப்பாளர்கள் சொல்லும் ஷட்டர் கவுண்ட், அதாவது ஷட்டர் எத்தனை தடவை ஓடும் என்ற கணக்கு, காலாவதித் தேதி அல்ல. அதைத் தாண்டியும் ஓடுகிறவை உண்டு, முன்னாலேயே நிற்கிறவையும் உண்டு.

பேட்டரி தேய்வதில்லை, சாகிறது. லித்தியம் அயான் பேட்டரியை முழு சார்ஜில் சூடான அலமாரியில் போட்டுவைத்தால் பயன்படுத்தாமலேயே அதன் கொள்ளளவு குறைந்துகொண்டு வரும். தேதியையும் நேரத்தையும் காக்கும் குட்டி பேட்டரி உள்ளே தனியாக இருக்கிறது. திறக்கும்போதெல்லாம் தேதி கேட்டால் அது போய்விட்டது என்று அர்த்தம். கைப்பிடி ரப்பர் பிசுபிசுக்கும். எல்லாவற்றையும் விட மோசம் ஈரம். காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் லென்ஸுக்குள் ஃபங்கஸ் வலை பின்ன ஆரம்பிக்கும். அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் பூச்சை அரித்துவிட்டால் துடைத்தாலும் தடம் போகாது. பத்திரமாக இருக்கட்டும் என்று தோல் பைக்குள் போட்டு அலமாரியின் அடியில் வைப்பது ஃபங்கஸுக்குக் கட்டிக்கொடுத்த வீடு.

மெமரி கார்டையும் பாருங்கள். 2 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டி கார்டுகளுக்கான எஸ்டிஹெச்சி தரம் வந்தது 2006-இல். அதற்கு முந்தைய பல கேமராக்கள் 2 ஜிபி வரையான பழைய எஸ்டி கார்டுகளை மட்டுமே படிக்கும்.

சரி, வைத்துக்கொள்வதா விற்பதா? புதியதும் அதே சென்சர் அளவு, அதே மவுண்ட் (லென்ஸ் மாட்டும் வளையம்), அதே லென்ஸ்கள் என்றால் என் கணக்கில் விற்பதுதான் சரி, அதுவும் சீக்கிரமாக. பழையது செய்யும் எதையும் புதியது செய்யும். ஆறு மாதத்தில் அதன் ஞாபகமே வராது. சென்சர் அளவு வேறு என்றால் வைத்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. நிகழ்ச்சிகள் எடுப்பவருக்கு இரண்டாவது பாடி இருந்தால் தூசிக்கு நடுவே லென்ஸ் மாற்ற வேண்டாம். மவுண்ட் மாறியிருந்தால் பாடியை விற்றாலும் லென்ஸை அவசரப்பட்டு விற்க வேண்டாம். உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களில் லென்ஸுக்கும் சென்சருக்கும் இடையே தூரம் குறைவு: நிக்கான் எஃப் மவுண்டில் 46.5 மில்லிமீட்டர், இசட் மவுண்டில் 16. அந்த முப்பது மில்லிமீட்டர் இடைவெளியில் ஓர் அடாப்டர் உட்கார்ந்துகொள்ளும்.

விலை போகாத கேமராவுக்கு இன்னொரு பிறவியும் உண்டு. சிலிக்கான் 1,100 நானோமீட்டர் வரை, அதாவது நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வரை, பார்க்கும். நிறம் கெடும் என்பதால் சென்சருக்கு முன்னால் ஒரு தடுப்புக் கண்ணாடி வைத்திருக்கிறார்கள். அதை எடுத்துவிட்டு அகச்சிவப்பை மட்டும் உள்ளே விடும் வடிகட்டி போட்டால் இலைகள் வெள்ளை வெளேரென்று வரும், நீல வானம் கறுக்கும். வானியல் படம் எடுப்பவர்களுக்கு இன்னும் லாபம். நெபுலாக்கள் எனும் விண்வெளி வாயு மேகங்களின் சிவப்பு ஹைட்ரஜனின் 656.3 நானோமீட்டர் ஒளி. அந்தத் தடுப்புக் கண்ணாடி அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடுகிறது. புது கேமராவில் இதைச் செய்ய யாருக்கும் மனம் வராது, பழையதில் தாராளமாகச் செய்யலாம். மாற்றித் தருவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுங்கள். ஃபிளாஷ் உள்ள கேமராவை வீட்டில் திறக்காதீர்கள். அதன் கெப்பாசிட்டர் 300 வோல்ட் வரை தேக்கி வைத்திருக்கும், பேட்டரியைக் கழற்றிய பிறகும்.

வைத்துக்கொள்வது என்று முடிவானால் பேட்டரியைப் பாதி சார்ஜில் வெளியே எடுத்துவிடுங்கள். கேமராவைப் பையில் போடாமல், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட மூடும் டப்பாவில் ஈரப்பதம் 40, 50 சதவீதத்தில் நிற்கும்படி வையுங்கள். மாதம் ஒருமுறை வெளியே எடுத்து எல்லா ஷட்டர் வேகத்திலும் சில படம் எடுங்கள், ஃபிளாஷையும் ஓரிரு தடவை அடியுங்கள்.