சோதனையில் தப்பும் ரத்தம்

எச்ஐவி உள்ள ரத்தம் ஒரு யூனிட் ஏறினாலே பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தொற்றிவிடும். ஊசி குத்தித் தொற்றும் வாய்ப்போ ஆயிரத்தில் மூன்றுதான். ஆப்பிரிக்காவில் இந்நோய் பெரும்பாலும் உடலுறவு வழியே பரவியது. ஆனால், மலேரியாவால் ரத்தசோகை முற்றிய குழந்தைகளுக்கும் பிரசவத்தில் ரத்தம் இழந்த தாய்மாருக்கும் அங்கே ரத்தம் ஏற்றுவது அன்றாடம்.

தொற்றிய உடனே எந்தச் சோதனையும் காட்டிக்கொடுக்காது. வைரஸை எதிர்த்து உடல் உருவாக்கும் ஆன்டிபாடி தெரிய சுமார் 22 நாள். வைரஸின் புரதமான ஆன்டிஜெனையும் சேர்த்துத் தேடினால் 16. வைரஸின் மரபணுவையே தேடும் 'நாட்' சோதனையில் பத்து நாள் போல. தென்னாப்பிரிக்கா 2005 முதல் ஒவ்வொரு பையையும் தனித்தனியே நாட் செய்கிறது. பல பைகளின் மாதிரியைக் கலந்தால் வைரஸ் நீர்த்து, கண்ணில் படாமல் போகலாம். இருந்தும் ஆன்டிபாடி சோதனையை அங்கே கைவிடவில்லை. எச்ஐவியை அடக்கும் ஏஆர்டி மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லாமல் கொடை தருபவரின் ரத்தத்தில் வைரஸ் அடங்கியிருக்கும், நாட் சோதனைக்குத் தப்பும்.

சிறு மருத்துவமனைகளில் நாட் கிடையாது, துரிதச் சோதனைப் பட்டைதான். 15 நிமிடம் காத்து வாசிக்க வேண்டியதை நள்ளிரவு அவசரத்தில் ஐந்தாவது நிமிடமே வாசித்தால், மங்கலான கோடு இன்னும் வந்திருக்காது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கொடையாளர் 10,000 பேரில் ஆண்டுக்கு 10 பேருக்குப் புதிதாகத் தொற்றுகிறது என்று வையுங்கள். 22 நாள் இடைவெளி என்றால், பத்து லட்சம் பைகளில் 60 தப்பும். நாட் வைத்தால் 27. கருவி வாங்காமல், புதிதாகத் தொற்றுவோர் 2 ஆக இருக்கும்படி கொடையாளரைத் தேர்ந்தால்? 12தான்!

அதனால்தான் கொடையாளர் தேர்வே முதல் அரண் என்கிறேன். நோயாளிக்காக அவசரத்தில் இழுத்துவரப்படும் உறவினர், குடும்பத்தார் முன்னிலையில் தன் அந்தரங்கத்தைச் சொல்லமாட்டார். சில ஊர்களில் 'உறவினர்' என்று வருபவர் காசுக்கு வந்தவர். ஜிம்பாப்வே 1985லேயே எல்லாப் பைகளையும் சோதிக்கத் தொடங்கிய நாடு. ஆனாலும் சோதனையோடு நிற்காமல், 1989இல் 25 வயதுக்குள் 25 முறை கொடை தருவதாக உறுதியேற்கும் இளைஞர் சங்கத்தையும் தொடங்கியது. திரும்பத் திரும்ப வருபவரின் பழைய முடிவுகள் கையில் இருக்கும்; இடையில் தொற்றினால் அடுத்த கொடையில் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

தேவையில்லாமல் ஏற்றாதிருப்பதும் பாதுகாப்புதான். குழந்தைகளுக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 4 கிராமுக்குக் கீழே போனால் உடனே ஏற்றியாக வேண்டும். 4 முதல் 6 வரை இருந்து, மூச்சுத்திணறல் போன்ற ஆபத்துக் குறிகள் இல்லாத குழந்தைகளை உகாண்டா, மலாவி மருத்துவமனைகளில் ஆராய்ந்தார்கள். உடனே ஏற்றாமல் அடிக்கடி அளவு பார்த்து, 4க்குக் கீழே இறங்கினாலோ ஆபத்துக் குறி தோன்றினாலோ மட்டும் ஏற்றியதில் 28 நாள் இறப்பு கூடவில்லை. அந்தக் குழுவில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ரத்தமே தேவைப்படவில்லை.